டேனியல் பேச வேண்டிய தலைப்பு

அக்டோபர் 25, சனி

விடியற்காலையிலிருந்து மழை. துணி காயவில்லை. பின்கட்டில் கயிறு கட்டி ஃபேன் போட்டிருக்கிறேன். வீடெல்லாம் ஈரத்துணி வாடை.

அவர் கண் விழித்ததும் ஹாலில், லேப்டாப் முன்னால். கனடா ஆட்டம். அங்கே வெள்ளி இரவு, இங்கே மலேசியாவில், குலாயில் சனி காலை. பெயர்தான் கால்பந்து. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒருவர் மேல் ஒருவர் விழுகிறார்கள். நம் மகன் டேனியல் உயிரை விட்ட ஆட்டம்.

எழுதின பிறகுதான் பார்க்கிறேன், 'உயிரை விட்ட' என்று எழுதியிருக்கிறேன். அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும். உயிர் போனது ஆட்டத்தால் இல்லை. பிப்ரவரியில், பனி உறைந்த ரோட்டில், வேலை முடிந்து வரும் வழியில், கார்.

"சாப்பிட வாங்க."

"ம்."

கோப்பி ஆறி ஆடை கட்டியது. எடுத்துக் கொட்டினேன்.

செடெனாக், ரெங்கம், குலாய், எந்தக் கோவிலில் கல்யாணம் என்றாலும் மைக் இவர் கையில்தான். நில அலுவலகத்தில் கிளார்க், சனி ஞாயிறில் விருந்து மேடை. வாய் ஓயாத மனுஷன். "கொஞ்சம் மூச்சு விடுங்க" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இப்போது ம், சரி, வேணாம்.

வாங்க வேண்டியவை: கேஸ். சலவைத்தூள். அவர் சர்க்கரை மாத்திரை. கல்லறைக்குப் பெரிய மெழுகுவர்த்தி (காற்றுக்கு நிற்கிற மாதிரி).

அக்டோபர் 27, திங்கள்

கிளினிக்கில் காய்ச்சல் கூட்டம். கவுண்ட்டரை விட்டு எழ முடியவில்லை. மதியச் சாப்பாடு ஒரு பன்.

கிரெக்கிடமிருந்து மெசேஜ். டேனியலின் சிநேகிதர், கனடாவில் அவனுக்குப் பக்கத்து வீடு. பிள்ளையை ஊருக்கு அனுப்பிவைக்க ஆஸ்பத்திரிக்கும் அலுவலகத்துக்கும் அலைந்தது இவர்தான். மாதம் ஒரு தடவை நலம் கேட்டு எழுதுவார். இன்றைக்கு நீளமாக எழுதியிருந்தார்.

விஷயம் இது. அவர்கள் ஊரில் அந்தப் பச்சைச் சட்டை அணிக்கு ஒரு ரசிகர் கூட்டம். வருஷக் கடைசி ஆட்டத்துக்கு முன்னால் ஒரு சர்ச் ஹாலில் கூடிப் பட்டிமன்றம் மாதிரி ஒன்று நடத்துவார்கள். இந்த வருஷத் தலைப்பைப் போன வருஷமே எடுத்துக் கொடுத்தவன் டேனியல். கனடாவில் ஆடிப் பெயர் எடுத்தவர்களுக்கு அமெரிக்கப் புகழ் மண்டபத்தில் இடம் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா. 'வேண்டும்' பக்கம் அவனே பேசுவதாக இருந்ததாம். அவன் இடத்தில் பேச யாருக்கும் மனசு வரவில்லை. அவன் அப்பா வீடியோவில் பேசுவாரா? முடியாது என்றால் அந்த நாற்காலியைக் காலியாக வைத்துவிட்டு நடத்துவோம் என்று எழுதியிருக்கிறார்.

புகழ் மண்டபம் என்பது அமெரிக்காவில் ஒரு ஊரில் இருக்கிறதாம். மிகப் பெரிய ஆட்டக்காரர்களின் தலையை வெண்கலத்தில் வார்த்து வைப்பார்களாம். டேனியல் போனில் சொன்னது ஞாபகம் இருக்கிறது. நான் அப்போது "சரிய்யா, சாப்பிட்டியா?" என்றேன்.

அவரிடம் சொல்லவில்லை. காலி நாற்காலி என்ற வார்த்தையை எப்படிச் சொல்வது.

அக்டோபர் 28, செவ்வாய்

கிறிஸ்டிக்குப் போன் போட்டேன். மகள் சிங்கப்பூரில் வேலை முடிந்து எல்லைப் பாலத்தில் ஜாமில் நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, சொல்லிடுங்கமா. அப்பா வேணாம்னா வேணாம்னு சொல்லப்போறாரு. அவ்ளோதான் லா."

"உடைஞ்சு போயிட்டாருன்னா?"

"இப்ப மட்டும் நல்லா இருக்காரா?"

சாயங்காலம் சொன்னேன். கேட்டார். எழுந்து வெளியே போனார். மழையில் நனைந்து நிற்கிற காரைக் கழுவ ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா காக் யா கதவருகில் நின்று என்னைப் பார்த்தார். நான் கையை விரித்தேன்.

அரை மணி கழித்து ஈரக் கையோடு வாசலில்.

"எந்தப் பக்கம்?"

"என்ன எந்தப் பக்கம்?"

"தம்பி எந்தப் பக்கம் பேசறதா இருந்தான்?"

"இடம் கொடுக்கணும்ங்கிற பக்கம்."

"ம். அவன் அப்படித்தான் பேசுவான்."

அவ்வளவுதான். ஆனால் இரவு சாதம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

அக்டோபர் 29, புதன்

பேசுகிறார்! கிரெக்குக்கு "சரி" என்று அவரே பதில் போட்டிருக்கிறார்.

காலையில் தோசைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு மேசையில் சாஸ் பாட்டில், ஸ்பூன், உப்பு டப்பா எல்லாம் அடுக்கி எனக்குப் பாடம். அமெரிக்காவில் பந்தைப் பத்து கஜம் முன்னால் கொண்டுபோக நாலு முயற்சி. கனடாவில் மூன்றுதான். திடலும் அங்கே பெரிசு. "மூணுல முடிக்கணும் மேரி. பதறாம. அந்த நாலாவது கிடையாது." சொல்லும்போது குரலில் அந்தப் பழைய மைக்.

எனக்குப் பாதி புரியவில்லை. இட்லிப்பொடி எடுக்க எழுந்தால் "உக்காரு, உக்காரு" என்கிறார். உட்கார்ந்தேன். கிளினிக்குக் கால் மணி லேட். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் டேனியல் போனில் கத்திக் கத்திச் சொன்னதெல்லாம் இவர் காதில் விழுந்திருக்கிறது. நான்தான் சாப்பிட்டியா, சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்டோபர் 31, வெள்ளி

எழுத மனமில்லை. எழுதாவிட்டால் தூக்கமும் வராது.

மாலை ஹாலில் ஒத்திகை. நாற்காலியை எதிரில் போட்டார்.

"நீ அமெரிக்காக்காரியா உக்காரு. கேள்வி கேளு."

"என்ன கேக்கறது?"

"ஏன் கொடுக்கணும்னு கேளு."

"சரி. ஏன் கொடுக்கணும்? பெரிய ஆளுங்க கூட மோதாம, கனடாவுல ஆடிட்டு, பெரிய மண்டபத்துல இடம் கேட்டா எப்படி?"

"நல்ல கேள்வி!" சந்தோஷம் அவருக்கு. எழுந்து நின்றுகொண்டார். "மண்டபத்தோட பேரைப் பாருங்க. தொழில்முறைக் கால்பந்துன்னுதான் போட்டிருக்கு. இந்தச் சங்கம், அந்தச் சங்கம்னு போடல. அடுத்தது கேளுங்க, ஒரு காலத்துல அமெரிக்காவுல, பந்து எறிஞ்சு ஆட்டத்தையே நடத்தற இடம் இருக்கே, அந்த இடத்துல கறுப்பு ஆளுங்கள விட மாட்டாங்க. வேற இடத்துக்கு மாறு, இல்லன்னா வீட்டுக்குப் போ. திறமை இருந்துச்சு, இடம் இல்ல. அதான் வடக்க போனாங்க. கனடா கதவைத் திறந்துச்சு."

எங்கிருந்து வந்தது தெரியவில்லை. என் வாய்தான்.

"ஏன் போகணும்?"

"என்ன?"

"கிடைச்ச இடத்துல ஆடிட்டு ஊர்லயே இருந்திருக்கலாம்ல. உசுரோட வீட்டுல இருந்திருப்பாங்கல்ல."

அவர் மெதுவாக உட்கார்ந்தார்.

"மேரி, நாம யாரைப் பத்திப் பேசறோம்?"

"உங்களுக்குத் தெரியும்."

தெரியும் அவருக்கு. பிள்ளை நல்ல ரிசல்ட் வாங்கினான். கேட்ட படிப்பு இங்கே கிடைக்கவில்லை, வேறொன்றைக் கொடுத்தார்கள். அதையே படிக்கட்டும், பிறகு அக்கா மாதிரி சிங்கப்பூர் போய் வரட்டும், ராத்திரி வீட்டில் சாப்பிடுவான் என்றேன். இவர்தான் கேட்கவில்லை. "ஆசைப்பட்டதைப் படிக்கட்டும், எங்க கிடைக்குதோ அங்க." பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர் இவர்.

ஒன்பது மாதமாக இதை நான் சொல்லவில்லை. சமைத்தேன், துணி துவைத்தேன், மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். சொல்லவில்லை. இன்றைக்கு ஆட்டக்காரர்களை வைத்துச் சொல்லிவிட்டேன்.

அவர் நாற்காலியை எடுத்து அதன் இடத்தில் வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

நவம்பர் 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

மழை விட்டு விட்டு. நல்லவேளை, ஜெபத்தின்போது நின்றது. சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். நம் பிள்ளையுடையது புது வரிசையில், புல் இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. களிமண்ணில் செருப்பு மாட்டிக்கொண்டது.

கிறிஸ்டி சாமந்தி வாங்கி வந்தாள். மெழுகுவர்த்தி நின்று எரிந்தது.

நானும் அவரும் வெள்ளியிலிருந்து பேசவில்லை. மாத்திரை. ம். சாப்பாடு. ம். மறுபடி அதே.

பக்கத்துக் கல்லறைக்கு வந்த அம்மாள், லாபிஸ் ஊர்க்காரர், எங்கள் பக்கம் திரும்பி, "வெளிநாட்டுல இருந்த மகனா? அமெரிக்காவா?" என்றார்.

"கனடா" என்றேன்.

"ஓ, கனடாவா" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்த 'ஓ'வில் ஏதோ கொஞ்சம் இறங்கியது. இவர் முகத்தைப் பார்த்தேன். இவரும் என்னைப் பார்த்தார். வெள்ளிக்குப் பிறகு அப்போதுதான்.

காரில் வரும்போது கி. மட்டும் பேசிக்கொண்டு வந்தாள், ஆபீஸ் கதை. நான் ஜன்னல் பக்கம்.

நவம்பர் 5, புதன்

அவர் சர்க்கரை ஏறியிருக்கிறது. கண்டிப்பாக அந்த மரவள்ளிக் குவே பலகாரம். யார் வாங்கித் தந்தது என்று கேட்டால் காக் யாவைக் காட்டிக்கொடுக்கிறார்.

ஒத்திகை நிற்கவில்லை. என்னைக் கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான். கார் நிறுத்துமிடத்தில் நடந்துகொண்டே ஆங்கிலத்தில் முணுமுணுப்பு. நடுவில் ஒரு இடத்தில் நின்றுவிடுகிறார். முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். மறுபடி அதே இடத்தில்.

கி. வீடியோ சரிபார்க்க வந்தாள். சுவரில் இருந்த காலண்டரைக் கழற்றினாள், வெளிச்சம் பார்த்தாள்.

"அப்பா, நான் ஒண்ணு சொல்லவா? இது எப்படின்னா, பாலத்துக்கு இந்தப் பக்கம் ஜேபியிலேயே ஆடிட்டு சிங்கப்பூர்க்காரன்கிட்ட கப்பு கேக்கற மாதிரி இருக்கு."

"போடி" என்றார். சிரித்தார். பல் தெரியச் சிரித்தார். நான் அடுப்படியிலிருந்து பார்த்தேன்.

நவம்பர் 8, சனி

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். மறக்கக்கூடாது.

காலையில் கல்யாண மேடைச் சட்டை போட்டுக்கொண்டார், நீலம். பட்டன் வயிற்றில் தொளதொள. இவ்வளவு இளைத்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. நான் ஊசியில் பிடித்துக் கொடுத்தேன். பேசாமல்தான்.

கி. லேப்டாப்பைத் திருப்பிவைத்தாள். நான் கேமராவில் தெரியாதபடி ஓரத்தில், துணிக்கூடை பக்கம்.

திரையில் அந்த ஹால். எல்லாரும் பச்சைச் சட்டை. ஒரு ஆள் தர்ப்பூசணியைக் குடைந்து தலையில் தொப்பியாக மாட்டியிருந்தார். டேனியலும் அப்படி ஒரு போட்டோ அனுப்பினான், இவனுக்கு என்ன பிடித்தது என்று பயந்தேன். அங்கே அது வழக்கமாம். மேசை மேல் அவன் படம். கிரெக் இரண்டு வார்த்தை பேசினார், உட்கார்ந்துவிட்டார்.

பிறகு இவர்.

"லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்" என்று ஆரம்பித்தார், அப்படியே கல்யாணக் குரல். அங்கே சிரித்தார்கள், கை தட்டினார்கள். மண்டபத்தின் பெயரைச் சொன்னார். மூன்று முயற்சியைச் சொன்னார். கறுப்பு ஆட்டக்காரர்கள் வடக்கே போனதைச் சொன்னார். அங்கே நின்றது. அதே இடம்.

கி. என் கையைப் பிடித்தாள்.

அவர் காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். ஆங்கிலத்தில்தான் பேசினார், எனக்கு ஞாபகம் இருப்பதைத் தமிழில் எழுதுகிறேன்.

"என் மனைவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். ஏன் போனார்கள், ஊரிலேயே இருந்திருக்கலாமே என்று. என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கும் முழுப் பதில் இல்லை. இவ்வளவுதான் தெரியும். சாத்திய கதவுக்கு முன்னால் அவர்கள் உட்கார்ந்து அழவில்லை. திறந்த வழியாகப் போனார்கள். குளிரில் ஆடினார்கள். முழு மனசோடு ஆடினார்கள். போன இடம் சின்ன இடம் என்று ஊரில் இருப்பவர்கள் நினைத்தார்கள். அமெரிக்கா இல்லையா, ஓ, கனடாவா என்றார்கள். அந்த மண்டபத்தில் இடம் கேட்பது ஆட்டக்காரர்களுக்காக இல்லை. அவர்களுக்கு அது தேவையில்லை, அவர்கள் ஆடிவிட்டார்கள். அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்த அப்பா அம்மாவுக்காகக் கேட்கிறேன். பிள்ளையைத் தப்பான இடத்துக்கு அனுப்பிவிடவில்லை என்று யாராவது ஒருவர் அவர்களிடம் சொல்ல வேண்டும்."

நன்றி சொல்லி முடித்தார். எல்லாரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

எதிர்ப்பக்கம் லிண்டா என்று ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவராம், நரைத்த தலை. முதலில் இவருக்கு வணக்கம் சொன்னார். டேனியலுக்காக நான் விட்டுக்கொடுத்தால் அவன் என்னை மன்னிக்கமாட்டான், அதனால் விட்டுக்கொடுக்காமல் பேசப்போகிறேன் என்றார். நம் ஆட்டக்காரர்களுக்கு நம் மண்ணிலேயே ஒரு மண்டபம் இருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம். அடுத்த வீட்டு வாசலில் போய் நின்று, எங்கள் பிள்ளை நல்லவன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஏன் கேட்க வேண்டும்? நாம் சொன்னால் போதாதா?

கை தூக்கி ஓட்டு. இவர் பக்கம் தோற்றது. அதிக வித்தியாசம் இல்லை என்றார் கிரெக். தலைகுனிந்துகொண்டு சொன்னார், அவர்தான் தப்பு செய்த மாதிரி.

இவர் அழகாக முடித்துக்கொடுத்தார். லிண்டாவுக்கு வாழ்த்து, சாப்பாடு போட்டவர்களுக்கு நன்றி, வெளியே பனியாம், பார்த்துக் கார் ஓட்டுங்கள் என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் கிரெக் முகத்தை மூடிக்கொண்டார். திரை இருண்டது.

லேப்டாப்பை மூடினார்.

"எப்படி லா தோக்கலாம்?"

"அப்பா..."

"எப்படித் தோக்கலாம்? அவன் எடுத்த தலைப்பு. அவன் பேசியிருந்தா ஜெயிச்சிருப்பான். நான் பேசித் தோத்துட்டேன். அவனுக்கு ஒண்ணே ஒண்ணு செய்யச் சொன்னாங்க, அதையும் தோத்துட்டேன்!"

மேசையை அடித்தார். கோப்பி மங்கு விழுந்து உடைந்தது. அப்புறம் ஒரு சத்தம். இவரிடமிருந்து அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. அடக்கத்தன்று இவர் அழவில்லை. நாற்காலி போட்டார், வந்தவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார், பஸ்ஸை எங்கே நிறுத்துவது என்று கை காட்டினார். எல்லாரும் என்ன மனதைரியம் என்றார்கள். அன்றைக்கு அழ வேண்டியதெல்லாம் இன்றைக்கு.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நீலச் சட்டை முதுகு நனைந்திருந்தது. தலையை என் தோளில் போட்டுக்கொண்டார். கனம். கி. தரையில் உட்கார்ந்து மங்குத் துண்டு பொறுக்கிக்கொண்டே அழுதாள்.

காக் யா வேலியோரம் வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். மகனை நினைத்து அழுகிறார் என்றேன். அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். மதியம் ஒரு பாத்திரத்தில் சோத்தோ கொடுத்துவிட்டார், கோழி சூப்.

ஒன்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. மனசுக்குள் நான் கை தூக்கியது லிண்டாவுக்கு.

நவம்பர் 9, ஞாயிறு

வெயில். எல்லாத் துணியும் காய்ந்தது. போர்வைகூட.

பூசைக்குப் போனோம். வெளியே வரும்போது ரெங்கத்திலிருந்து ஒருவர், டிசம்பரில் மகள் கல்யாணம், "அண்ணே, மைக் புடிக்க வரணும்" என்றார். இவர், "பிள்ளைக்கு இன்னும் வருஷம் திரும்பலப்பா. அடுத்த வருஷம் யார் வீட்டுல கல்யாணம்னு சொல்லு" என்றார்.

மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு முனையை அவர் பிடித்தார்.

"நான் அவனை அனுப்பியிருக்கக் கூடாதா, மேரி?"

இல்லை இல்லை, அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

"தெரியலைங்க" என்றேன். "கோவம் இருந்துச்சு. முழுசா போகல."

"ம்."

"ஆனா அந்த ஹால்ல அவ்ளோ பேரு. அவன் படத்தை மேசை மேல வெச்சிருந்தாங்க. நம்ம வீட்டுல வெச்சிருக்கிற மாதிரியே பூ வெச்சிருந்தாங்க. தப்பான இடம்னு சொல்ல என்னால முடியல."

அவர் போர்வையின் தன் முனையைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். மடித்து வைத்தேன்.

நவம்பர் 17, திங்கள்

கிளினிக்குக் காலை மட்டும் லீவு சொன்னேன். வருஷத்துக் கடைசி ஆட்டம், கப்புக்கு. அவர் கேட்கவில்லை. நானாகப் போய் சோபாவில் உட்கார்ந்தேன். முதல் தடவை. இரண்டு கோப்பி, அவருக்குச் சீனி இல்லாமல்.

ஒன்றும் புரியவில்லை. விசில், ஓட்டம், குவியல், மறுபடி விசில். அவர் இரண்டு தரம் விளக்கினார், மூன்றாம் தரம் விட்டுவிட்டார். அங்கே குளிர். அரங்கம் நிறைய ஜனம், வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு. ஒவ்வொரு தடவையும் கேமரா அவர்கள் பக்கம் திரும்பும், ஒரு வரிசை முகம், கம்பளித் தொப்பி, போய்விடும்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ. சோபா நுனிக்கு வந்துவிட்டிருக்கிறேன். ஆட்டத்தை நான் பார்க்கவே இல்லை. கூட்டத்தில் முகம் முகமாகத் தேடிக்கொண்டிருந்தேன். கறுத்த முகம், கண்ணாடி, எங்காவது. மண்ணில் வைத்துவிட்டு வந்த பிள்ளையை.

வெட்கமாகிவிட்டது. திரும்பினேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, பாரு" என்றார். "ஜூன் மாசம் ஆட்டம் ஆரம்பிச்சதுலேருந்து நானும் அங்கதான் பாக்கறேன்."